மேடைப் பேச்சாளர் அவையின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

மேடைப் பேச்சுக்குப் பயிற்சி தரும் பல இடங்களில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் கையசைவுக்கும் ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பகுதிகூட, பேச்சாளர் சொல்லும் செய்தி சரிதானா என்று பார்ப்பதற்கு ஒதுக்கப்படுவதில்லை. பேச்சைக் கேட்டுக் கைதட்டுவது எளிது. வீட்டுக்குப் போன பிறகும் பேச்சாளர் சொன்னதை நம்பி, அதன்படி ஒரு காரியத்தைச் செய்யத் துணிவது அவ்வளவு எளிதன்று. அந்த நம்பிக்கையைப் பெற விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசகர் வட்டம், பள்ளி ஆண்டு விழா, அரிமா சங்கக் கூட்டம், ஊர்ப் பொதுக்கூட்டம் என எந்த மேடையில் பேசத் தொடங்கியிருப்பவருக்கும் இதில் உள்ளவை பயன்படும்.

நூறு பேர் அமர்ந்திருக்கும் ஓர் அரங்கை எண்ணிப் பாருங்கள். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருப்பார். அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர், தலைமுறையாக நெல் விளைவிக்கும் குடும்பத்து விவசாயி ஒருவர் இருப்பார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பொருள் உங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் பேச்சு அந்தப் பொருளைத் தொடும்போது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். அங்கே நீங்கள் சொல்வது சரியாக இருந்தால், தமக்குத் தெரியாத மற்றச் செய்திகளையும் உங்களை நம்பி ஏற்றுக்கொள்ளத் தயாராகிறார்கள். தவறாக இருந்தால் எழுந்து நின்று மறுக்க மாட்டார்கள். நம் சபை மரியாதை அதற்கு இடம் தராது. கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், ‘நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் ஒன்றும் படித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சொல் பேச்சாளரின் காதுக்கு வந்து சேர்வதே இல்லை என்பதால், பல ஆண்டுகள் பேசிய பிறகும் தம்மை ஏன் யாரும் பொருட்படுத்துவதில்லை என்று அவருக்குத் தெரியாமலே போகிறது. நம்பிக்கையைக் கட்டும் வேலையின் பெரும்பகுதி மேடை ஏறுவதற்கு முன்பே, எழுத்து மேசையிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரமாகவும் அவையஞ்சாமை 73ஆவது அதிகாரமாகவும் அடுத்தடுத்து வருகின்றன. புதிய பேச்சாளர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் அச்சத்தைப் போக்கிக்கொள்ளவே வழி தேடுகிறார்கள். எதிரே அமரப்போவது யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதற்காக வருகிறார்கள் என்பதை அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பச் செய்திகளைச் சரிபார்த்துச் சென்றால், அச்சத்தில் பாதி தானாகவே விலகிவிடும். எஞ்சிய பாதி இருந்தாலும் கெடுதல் இல்லை. குரல் சற்று நடுங்குகிறவரை அவை பொறுத்துக்கொள்ளும்.

மேற்கோளை மூலத்தில் பார்த்த பிறகே சொல்லுங்கள்

தமிழ் மேடைகளில் பேச்சாளர்கள் நம்பிக்கையை மிகுதியாக இழப்பது மேற்கோள்களில்தான். நம்மவர்களுக்குப் பாட்டின்மேல் காதல் உண்டு. ஒரு வரியைச் சரியான இடத்தில் சொன்னால் அவை உடனே நெருங்கி வரும். அதே அவையில் அந்தப் பாட்டை முழுதாகப் படித்தவரும் இருப்பார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

‘மெல்லத் தமிழினிச் சாகும்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ் மெல்லச் சாகும் என்று பாரதியே அன்றைக்குச் சொல்லிவிட்டார்’ என்று எத்தனையோ மேடைகளில் சொல்லப்படுகிறது. ‘தமிழ்த்தாய்’ என்ற தலைப்பிலுள்ள அந்தப் பாடலைப் படித்துப் பாருங்கள். அங்கே பேசுபவள் தமிழ்த்தாய். ‘கொன்றிடல் போலொரு வார்த்தை, இங்கு கூறத் தகாதவன் கூறினன் கண்டீர்’ என்று தன் மக்களிடம் முறையிட்டு, அந்தத் தகாதவன் சொன்னதாகவே இவ்வரியை எடுத்துச் சொல்கிறாள். அடுத்த அடியிலேயே ‘என்றந்தப் பேதை உரைத்தான்’ என்று முடித்து, இந்த வசை எனக்கு வரலாமா என்று கேட்டு, எட்டுத் திக்கும் சென்று கலைச்செல்வங்கள் யாவற்றையும் கொண்டுவந்து சேர்க்குமாறு பணிக்கிறாள். பாரதி பேதையின் சொல்லாக வைத்ததை நாம் பாரதியின் சொல்லாக ஆக்கிவிட்டோம். பாடலில் நான்கு அடிகள் முன்னும் பின்னும் படித்திருந்தால் நேர்ந்திராத பிழை இது. படித்தவரின் முன்னால் இதைச் சொல்லும் பேச்சாளர், அதன் பின்னர் தமிழின் எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு நல்ல கருத்தைச் சொன்னாலும் அது எடுபடாது.

இப்படி இன்னும் பல உண்டு. ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்பது திருமூலரின் திருமந்திர அடி; அறிஞர் அண்ணா அதைத் தம் இயக்கத்தின் முழக்கமாக ஊரெங்கும் கொண்டுசென்றதால், அது அவருடைய வாக்கு என்றே பலர் கருதுகிறார்கள். ‘தமிழன் என்றோர் இனமுண்டு, தனியே அவர்க்கொரு குணமுண்டு’ என்பது நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பாடியது, அதைப் பாரதிதாசன் பெயரில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ‘உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உங்கள் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்பதை வால்டேர் எழுதவில்லை. அவரைப் பற்றி எவலின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வால்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காகத் தாமே அமைத்த வாக்கியம் அது. அப்துல் கலாமின் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளில் அவருடைய எந்த நூலிலும் உரையிலும் இல்லாதவை உலவுகின்றன. யாருடைய படம் போட்டிருக்கிறது என்பது சான்றாகாது.

சரிபார்ப்பது கடினமான வேலை இல்லை. குறள் என்று சொல்லி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் சீர்களை எண்ணுங்கள். முதலடியில் நான்கும் இரண்டாம் அடியில் மூன்றுமாக ஏழு சீர்கள் இல்லையென்றால் அது குறள் ஆகாது. ஏழு இருந்தாலும், 1330 குறள்களில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து, உரையோடு ஒருமுறை படித்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் கேட்டுப் பெறுபவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. இல்லாத குறளை அழகாகக் கட்டித் தருவதும், இருக்கும் குறளுக்கு வேறு எண் தருவதும் அவற்றுக்கு வழக்கம். சங்கப் பாடல்களுக்கும் பக்தி இலக்கியத்துக்கும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வரியை அங்கே தேடிப் பிடித்து, முழுப் பாடலையும் படித்து, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அகப்படவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ‘என்று யாரோ ஒரு அறிஞர் சொன்னதாகச் சொல்வார்கள்’ என்று மழுப்பிச் சொல்வதால் பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடாது.

எண்ணைச் சொன்னால் கணக்கையும் சொல்லுங்கள்

எண்கள் அவையை மலைக்க வைக்கும்; ஆனால் மலைப்பு நீடிக்காது. கேட்பவர் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் நம்பிக்கையாக மாறும்.

மழைநீர்ச் சேமிப்பைப் பற்றிச் சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் பேசப்போகிறீர்கள் என்று கொள்வோம். ‘நாம் கோடிக்கணக்கான லிட்டர் நீரை வீணாக்குகிறோம்’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் பதியாது. மாறாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் நீர் விழுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது; அப்படியானால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். ஆவியாகிப் போவதையும், மாடியைக் கழுவிக்கொண்டு போகும் முதல் மழையையும் கழித்து, ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் எட்டு லாரி.’ இதில் எந்தப் படியையும் கேட்பவர் தம் கைப்பேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். எங்கே தோராயம், எங்கே கழிவு என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டதை இதற்குப் பிறகு நினைவூட்டினால், அவை அதைத் தன் வீட்டுக் கணக்காகவே கேட்கும்.

கேள்விப்பட்ட சதவீதங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மேடைப் பேச்சுப் பயிற்சியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘நாம் சொல்லும் சொற்களால் 7 சதவீதமும், குரலால் 38 சதவீதமும், உடல்மொழியால் 55 சதவீதமுமே செய்தி போய்ச் சேருகிறது’ என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனித்தனிச் சொற்களும், அவற்றைச் சொல்லும் குரலும், முகத்தோற்றமும் ஒன்றோடொன்று முரண்படும்போது, பேசுபவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதைக்கொண்டு உணர்கிறார் என்பதையே அவர் ஆராய்ந்தார். உணர்வையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்த எண்கள் பொருந்தா என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். மனித மூளையில் பத்து சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பதும் இத்தகைய கட்டுக்கதையே. அவையில் ஒரு மருத்துவ மாணவி இருந்தால் போதும், உங்கள் பேச்சின் மதிப்பு அந்த ஒரு வரியில் சரிந்துவிடும்.

உடல்மொழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியது குறைவு. நேராக நில்லுங்கள், ஒலிவாங்கியை வாயோடு ஒட்டி வைக்காதீர்கள், தாளைப் பார்க்க வேண்டுமானால் வெளிப்படையாகவே பாருங்கள். மேற்கோளையும் எண்ணையும் குறிப்பைப் பார்த்துப் படிப்பவர்மீது அவைக்கு மரியாதை கூடவே செய்யும்.

நீங்கள் யார் என்பதை அளவாகச் சொல்லுங்கள்

நம் மேடைகளில் அறிமுக உரை என்பது பெரும்பாலும் புகழுரை. ‘உலகம் போற்றும்’, ‘நாவசைத்தால் நாடசையும்’ என்றெல்லாம் சொல்லி ஒருவரை மேடையேற்றினால், அடுத்த அரை மணி நேரமும் அவர் அந்தச் சொற்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே, அறிமுகத்துக்கான நான்கு வரிகளை நீங்களே எழுதி, இரண்டு நாள் முன்பாக அமைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நாளின் பொருளைப் பேச உங்களுக்கு உள்ள தகுதி எதுவோ அது மட்டும் அதில் இருந்தால் போதும். இருபது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவர் பிள்ளைகளின் கணக்கு அச்சத்தைப் பற்றிப் பேச வரும்போது, அவர் பெற்ற விருதுகளைவிட அந்த இருபது ஆண்டுதான் அவையை ஈர்க்கும். முனைவர் பட்டம் பெறாத உங்களை அறிமுகம் செய்பவர் ‘முனைவர்’ என்று அழைத்துவிட்டால், பேச எழுந்ததும் முதல் வேலையாக, அவர் மனம் நோகாதபடி, ‘ஐயா அன்பின் மிகுதியால் அப்படிச் சொல்லிவிட்டார்கள், நான் அந்தப் பட்டம் பெற்றவனில்லை’ என்று திருத்திவிடுங்கள். பேசாமல் ஏற்றுக்கொண்டால் அது பின்னொரு நாளில் உங்கள்மீது பழியாக வந்து நிற்கும்.

நீங்கள் பேசும் பொருளால் உங்களுக்கு ஏதேனும் ஆதாயம் உண்டென்றால் அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சேமிப்பைப் பற்றிப் பேசுபவர் காப்பீட்டு முகவராக இருப்பதில் குற்றமில்லை. பேச்சு முடிந்து அவர் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டும்போதுதான் அது அவைக்குத் தெரியவருகிறது என்றால், அதுவரை சொன்ன நல்லவையெல்லாம் தூண்டில் ஆகிவிடும்.

கதைகளிலும் இதே நேர்மை வேண்டும். விமான நிலையத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்ட கதையைத் தமக்கே நேர்ந்ததாகச் சொல்லும் பேச்சாளர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கதையை வேறொருவர் தமக்கு நேர்ந்ததாகச் சொல்லும் காணொளி யூடியூபில் கிடைக்கிறது. ‘ஒரு கதை சொல்வார்கள்’ என்று தொடங்கினால் கதையின் சுவை சிறிதும் குறைவதில்லை. உண்மையிலேயே உங்கள் வாழ்வில் நடந்ததைச் சொல்லும்போது, அதில் வரும் மற்றவர்களின் பெயரையும் அடையாளத்தையும் அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் மேடையேற்றாதீர்கள். பிறருடைய இரகசியத்தை இன்று சுவைபடச் சொல்பவர் நாளை நம்முடையதையும் சொல்வார் என்று அவை கணக்குப் போடும்.

கொடுத்த நேரத்துக்குள் முடியுங்கள்

நேரம் தவறுவதைப் பேச்சாளர்கள் சிறு குற்றமாகவே நினைக்கிறார்கள். அவையோ அதைத் தன்னை மதிக்காத செயலாக எடுத்துக்கொள்கிறது. 1939ஆம் ஆண்டில் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், விழா நிகழ்ச்சிகளைக் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதில் காட்டிய கண்டிப்பைத் தமிழறிஞர்கள் இன்றும் போற்றிப் பேசுகிறார்கள். பெரும்புலவர்களும் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டே பேசினார்கள் என்னும்போது, நமக்கு விலக்குக் கேட்க என்ன தகுதி இருக்கிறது?

இருபது நிமிடம் கொடுத்தால் பதினேழு நிமிடத்துக்கு மட்டும் ஆயத்தம் செய்யுங்கள். மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் பெயரும் பட்டமும் சொல்லி விளிப்பதில் நான்கைந்து நிமிடத்தைச் செலவிடாதீர்கள். தலைவரையும் அமைப்பாளரையும் பெயர் பிழையின்றிச் சொல்லிவிட்டு, ‘மேடையிலும் அவையிலும் உள்ள பெரியோர் அனைவருக்கும் வணக்கம்’ என்று பொருளுக்கு வந்துவிடலாம். உங்களுக்கு முன் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றால், வேகமாகப் பேசி எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முயலாதீர்கள். எந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று குறிப்பில் முன்பே குறியிட்டு வைத்திருந்தால், அதைத் தாண்டி முடிவுரைக்குப் போய்விடலாம். ‘பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்’ என்ற 649ஆவது குறளைப் பேச்சாளர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிய பிறகும் ‘இன்னும் ஒரே ஒரு செய்தி’ என்று மூன்று செய்திகளைச் சொல்பவர், தம் வாக்கைத் தாமே பொய்யாக்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றுக் கருத்தை அதன் முழு வலிவோடு எடுத்துச் சொல்லுங்கள்

பட்டிமன்றம் வளர்த்த பழக்கம் ஒன்று நம் பேச்சாளர்களிடம் ஊறியிருக்கிறது: எதிரணியின் வாதத்தை முடிந்தவரை சிறுமைப்படுத்திக் கைதட்டு வாங்குவது. அங்கே அணி பிரித்துத் தரப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது பொருந்தும். நீங்கள் உங்கள் சொந்தக் கருத்தைச் சொந்தப் பெயரில் பேசும்போது அது பொருந்தாது. நம் பழைய இலக்கண மரபே இதற்கு வேறு வழி காட்டுகிறது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளுள், ஒன்று, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். அதாவது, மாற்றார் கொள்கையை முதலில் தானே ஏற்று உரைத்து, அதன்பிறகு அதை விலக்குதல். சைவ சித்தாந்த ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியார் என்ற நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பகுத்து, பிற சமயங்களின் கொள்கைகளை எடுத்து விளக்கி மறுத்த பிறகே தம் சமயத்தை நிலைநாட்டினார்.

மேடையில் இதைச் செய்வதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. உங்கள் கருத்துக்கு எதிரானவர் ஒருவர் அவையில் இருந்து, தம் தரப்பை நீங்கள் எடுத்துரைப்பதைக் கேட்டு, ‘ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டிய பிறகு நீங்கள் சொல்லும் மறுப்பை அவரும் காதுகொடுத்துக் கேட்பார். பெரியார் தம் கூட்டங்களில், தாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சொந்த அறிவைக் கொண்டு ஆராய்ந்து சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கொள்கைகளை ஏற்காதவர்களும் அவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்ததற்கு இந்த அணுகுமுறை ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

கேள்வி நேரமும் அதற்குப் பிறகும்

அவை உங்களை உண்மையில் எடைபோடுவது கேள்வி நேரத்தில்தான். எழுதி வந்த பேச்சு முடிந்து, உங்களுக்கு உள்ளபடி எவ்வளவு தெரியும் என்பது அப்போது வெளிப்படுகிறது. கேட்பவர் முழுதாகக் கேட்டு முடிக்கட்டும். பின்வரிசைக்கும் கேட்கும்படி அந்தக் கேள்வியை ஒருமுறை உங்கள் வாயால் சொல்லிவிட்டு விடை சொல்லுங்கள். ‘நல்ல கேள்வி’ என்று ஒருவருக்கு மட்டும் சான்றிதழ் கொடுக்காதீர்கள். மற்றவர் கேட்டது நல்ல கேள்வி இல்லையா என்று தோன்றும். தடுமாறிக் கேட்பவரைக் கிண்டல் செய்து சிரிப்பு வாங்கிவிட்டால், அதன்பிறகு அந்த அரங்கில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள்.

தெரியாத கேள்விக்கு இப்படிச் சொல்லலாம்: ‘இதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லை. இந்த அளவுக்குத் தெரியும், இதற்கு மேல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் அமைப்பாளரிடம் எழுதித் தருகிறேன், அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள்.’ இதைச் சொல்வதால் மதிப்புக் குறையுமோ என்ற அச்சம் வேண்டாம். சொல்லிவிட்டு எழுதி அனுப்பாமல் இருப்பதுதான் மதிப்பைக் குறைக்கும். ஆகவே கேள்வியையும் கேட்டவர் பெயரையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோவதைக் காட்டிலும், ஒரே அவையிடம் மீண்டும் மீண்டும் செல்வது புதிய பேச்சாளருக்கு நல்லது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் அங்கேயே தொடர்ந்து பேசிவந்தார். சென்ற வாரம் சொன்னதை இந்த வாரமும் நினைவில் வைத்திருக்கும் மக்களின் முன் பேசுபவருக்குச் சொல் மாறிப் பேச வழியில்லை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை பேச இடம் கிடைத்தால், பெரிய மேடைக்காகக் காத்திராமல் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தாளில், சொன்ன மேற்கோள்கள், எண்கள், அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரேனும் பின்னர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். பேச்சின் ஒலிப்பதிவு கிடைத்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பேச்சு வேகத்தில் ஆயிரம் இலட்சமாகியிருப்பதும், ‘சில ஊர்களில்’ என்று எழுதியது ‘எல்லா ஊர்களிலும்’ என்று வாயில் வந்திருப்பதும் அப்போது தெரியும். அப்படி ஒரு பிழை அகப்பட்டால், அமைப்பாளருக்கு அன்றே தெரிவித்து, காணொளி இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தால் அதன் விளக்கக் குறிப்பில் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் அதே அவையில் என்றால், வணக்கம் சொன்ன கையோடு, சென்ற முறை சொன்னது இது, சரியானது இது என்று இரண்டு வாக்கியத்தில் திருத்திவிட்டு அன்றைய பொருளுக்குச் செல்லுங்கள்.